வண்டி மாறும் நேரத்தில் எங்கே சாப்பிடுவது?

அம்மாவுக்குச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய மாத்திரையை, வண்டி நிலையத்துக்குள் நுழைந்து வேகம் குறையும்போதே போட்டுவிட்டார். அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆனால் அந்த மாத்திரை உள்ளே போன நிமிடத்திலிருந்து எனக்கு இருந்தது அரை மணிதான். இரண்டு பெட்டி, ஒரு தோள்பை, முழங்கால் வலியோடு மெதுவாக நடக்கும் அம்மா, முன்பின் தெரியாத ஒரு ஜங்ஷன்.

பிளாட்பாரத்திலேயே ஒரு கடை இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் உணவுப் பொட்டலங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே இருந்த பொட்டலத்தின் மூடியில், உள்பக்கம் ஆவி வியர்த்து, துளித்துளியாகத் திரண்டு, அப்புறம் காய்ந்து, ஓரமெல்லாம் வெள்ளைத் தடமாகப் படிந்திருந்தது. எப்போது கட்டியது என்று கேட்டேன். "இப்பதான்" என்றார் கடைக்காரர். தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

"வேற எங்கயாவது பார்க்கலாம்டா, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார் அம்மா. நான் பதறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார் என்று தெரியும்.

பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு ஊழியர் பெட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், ஏன் அப்படிக் கேட்கத் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியவில்லை, "அண்ணே, நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். நல்ல ஹோட்டல் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் வாசல் பக்கம் கை காட்டியிருப்பார், எல்லாரும் அப்படித்தான் காட்டுவார்கள். அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு, வாசலுக்கு நேர் எதிர்த் திசையில், கடைசி பிளாட்பாரத்தையும் தாண்டிக் காட்டினார். "மேம்பாலத்துல ஏறி அந்தக் கடைசில இறங்குங்க. சைக்கிள் ஸ்டாண்டு தாண்டி மூணாவது கதவு. போர்டு கிடையாது."

நாலு மேசை போட்ட சின்ன இடம். பாதிப் பேர் ரயில்வே சட்டையில் இருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய கடிகாரம், எல்லா மேசையிலிருந்தும் தெரிகிற மாதிரி மாட்டியிருந்தது. கல்லாவில் இருந்த அம்மாள் நாங்கள் பெட்டியை இறக்கி வைப்பதற்குள்ளேயே "எந்த வண்டி?" என்றார். சொன்னேன். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் நிறைய இருக்கு, நிதானமா சாப்பிடுங்க." அம்மா மெல்லிய குரலில், மாத்திரை போட்டுவிட்டேன் என்று சொன்னதும், அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் உள்ளே திரும்பி ஏதோ சொன்னார், இரண்டு நிமிடத்தில் அம்மாவின் தட்டு மட்டும் முதலில் வந்தது. அதிலிருந்து எழுந்த ஆவியில் அம்மாவின் கண்ணாடி மங்கிப்போனது. கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்றிலிருந்து எந்த ஜங்ஷனில் இறங்கினாலும் நான் முதலில் தேடுவது, மறுபடியும் வருகிற ஆட்களை நம்பிப் பிழைக்கும் கடையை. வண்டி மாறுகிற பயணி எந்தக் கடைக்கும் இரண்டாவது முறை வரப்போவதில்லை. அவனுக்கு அவசரம், பசி, ஊர் தெரியாது, திருப்பிக் கொடுத்துச் சண்டை போட நேரம் கிடையாது. அவனை மட்டுமே நம்பி நடக்கிற கடைக்கு, சாப்பாடு நன்றாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பக்கத்துப் பட்டறையில் வேலை செய்கிறவரும் கல்லூரி மாணவரும் தினமும் வந்து உட்கார்கிற கடையின் நிலை வேறு. இன்றைக்குச் சரியில்லை என்றால் நாளைக்கு மேசை காலி.

இது ரயில் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற விஷயம். இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840-களின் தொடக்கத்தில் ஸ்விண்டனில் நிலையம் கட்ட வேண்டியிருந்தபோது அவர்களிடம் பணம் போதவில்லை. ஒப்பந்தக்காரர்களே தங்கள் செலவில் கட்டித் தந்தார்கள். பதிலுக்கு அங்குள்ள உணவறைகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு, ஆண்டுக்கு ஒரு பென்னி வாடகையில் அவர்களுக்குப் போயின. அதோடு, அந்த வழியாகப் போகும் வண்டிகள் அங்கே பத்து நிமிடம் நின்றாக வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் ஒரு வண்டி நிறையப் பசித்த ஜனம், வேறு போக்கிடம் இல்லை. சாப்பாடு எப்படி இருந்திருக்கும்? அந்த ரயில் பாதையை வடிவமைத்த பொறியாளர் புரூனலே அங்கே தந்த காபியைப் பற்றி, இதைக் காபி என்றே நம்ப முடியவில்லை, முடிந்தவரை அங்கே எதையும் வாங்காமல் தவிர்த்துவிடுகிறேன் என்ற பொருளில் கடிதம் எழுதினார். 1895-ல் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்துத்தான் ரயில்வே அந்தக் குத்தகையிலிருந்து விடுபட்டது. பத்து நிமிட நிறுத்தமும் அதோடு போயிற்று.

அமெரிக்காவில் இதே பிரச்சினையை ஃபிரெட் ஹார்வி வேறு விதமாகப் பார்த்தார். 1876-ல் கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நிலையத்தில் சாப்பாட்டுக்கடை தொடங்கினார். அவர் கடைகள் பெருகிய பிறகு, வண்டியில் வரும்போதே எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று நடத்துநர் கேட்டுக் குறித்து, தந்தி மூலம் அடுத்த நிலையத்துக்குச் சொல்லிவிடுவார். வண்டி நிற்கும்போது உணவு தயாராக இருக்கும். அரை மணிக்குள் ஒரு வண்டிக் கூட்டமே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஏறலாம். சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதற்காக ஜனங்கள் அந்தப் பாதையிலேயே திரும்பவும் பயணம் செய்தால் சாண்டா ஃபே ரயில்வேக்கு லாபம். அதனால் ரயில்வேயும் அவருக்குத் துணை நின்றது.

எனக்கு மிகவும் பிடித்தது ஜப்பானில் நடந்தது. ஒசாகாவின் உமேதாவில் ஹான்கியூ ரயில் நிறுவனம் 1929-ல் தன் ரயில் முனையத்திலேயே ஒரு பெரிய பல்பொருள் அங்காடியைத் திறந்தது. ரயில் நிறுவனமே முனையத்தில் நடத்திய முதல் அங்காடி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதைத் தொடங்கியவர் கோபயாஷி இச்சிசோ. பொருளாதார மந்த காலத்தில் அங்கிருந்த உணவகத்துக்கு வரும் இளைஞர்கள் வெறும் சாதம் மட்டும் வாங்கி, மேசைமேல் இலவசமாக இருக்கும் சாஸை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இதைத் தடுக்க வேண்டும் என்று ஊழியர்கள் நினைத்தார்கள். கோபயாஷியோ, சாதம் மட்டும் வாங்குபவர்களையும் வரவேற்கிறோம் என்று அறிவிப்பு வைக்கச் சொன்னார். இன்றைக்கு இவர்கள் கையில் காசில்லை, நாளைக்குக் கல்யாணம் ஆகி, குழந்தைகளோடு இங்கேதான் வருவார்கள் என்பது அவர் கணக்கு. தினமும் அந்த வழியே போய் வருகிற ஜனங்களைப் பார்த்துப் பழகியவருக்குத்தான் அப்படித் தோன்றும்.

சரி, முன்பின் தெரியாத நிலையத்தில் இப்படிப்பட்ட கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மூன்று மணி நேர இடைவெளி என்பது டிக்கெட்டில் எழுதியிருப்பது. வந்த வண்டி தாமதமானது எவ்வளவு, இறங்கி வெளியே வர எவ்வளவு, திரும்பி வந்து பிளாட்பாரத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது ஒன்றரை மணியாகவும் இருக்கும். நான் வண்டி கிளம்ப முப்பது நிமிடம் முன்னால் நிலையத்துக்குள் இருப்பேன், பெரியவர்கள் கூட இருந்தால் நாற்பத்தைந்து. இரண்டு வண்டிக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறேன், முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்த நஷ்டம் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். ஒரு மணிக்குக் குறைவாகத்தான் மிஞ்சுகிறது என்றால் வெளியே போகும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டியதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடை தூரம் அடுத்தது. பெட்டி இல்லாமல், சாதாரணமாக நடந்தால் பத்து நிமிடத்தில் எழுநூறு மீட்டர் போகலாம். பெட்டியோடு அதில் பாதியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேப்பில் இருநூறு மீட்டர் என்று காட்டும் கடை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கலாம், நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கிளம்பினால் நிலையத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போய்ச் சேர வேண்டும். நான் அப்படி இருபத்தைந்து நிமிடம் இழந்திருக்கிறேன். அதனால் இறங்குவதற்கு முன்பே, வண்டியில் சிக்னல் நன்றாக இருக்கும்போது, அந்தப் பகுதியின் மேப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, முதலில் பார்ப்பது தண்டவாளத்தைக் கடக்கும் வழிகளை. கடைகளை அப்புறம்தான் பார்க்கிறேன். கருத்துகளைப் படித்தால் நட்சத்திரத்தை விட்டுவிட்டுத் தேதியைப் பார்க்கிறேன். போன மாதம் யாராவது சாப்பிட்டிருக்கிறார்களா, உள்ளூர் ஆட்கள் எழுதியிருக்கிறார்களா, அவ்வளவுதான்.

முன்பக்கம், பின்பக்கம் என்ற விஷயத்தையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் வந்தபோது பல ஊர்களில் நிலையத்தை ஊருக்கு வெளியே, காலி நிலம் இருந்த ஓரத்தில்தான் கட்டினார்கள். வாசலை ஊரைப் பார்த்து வைத்தார்கள். ஆகவே வாசல் பக்கம் தங்கும் விடுதிகளும் பயணிகளுக்கான கடைகளும் வளர்ந்தன, பின்பக்கம் சரக்குக் கிடங்கு, பட்டறை, தொழிலாளர் குடியிருப்பு என்று வளர்ந்தது. எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. ஆனால் பொருந்துகிற இடங்களில் பின்பக்கம்தான் எனக்குக் கை கொடுத்திருக்கிறது. பின்பக்க வாசலே இல்லாத நிலையம் என்றால், முன்வாசலில் இறங்கி, முதல் வரிசைக் கடைகளைத் தாண்டி, பேருந்து ஓட்டுநர்கள் நிற்கும் இடம் வரைக்குமாவது போய்விடுகிறேன்.

கடை வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்தாலே நிறையத் தெரியும். சமையலறைக்கும் மேசைக்கும் நடுவே ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்களா, பாத்திரம் காலியாகிக் காலியாகி நிறைகிறதா? வரிசை நீளமாக இருந்தால் உடனே திரும்பிவிட வேண்டாம், இரண்டு நிமிடத்தில் எத்தனை பேர் தட்டு வாங்கி நகர்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நாலு பேர் நகர்ந்தால், முன்னால் இருக்கும் பதினாறு பேர் என்பது எட்டு நிமிடம். வரிசையே இல்லாத கடையில் உட்கார்ந்து, ஆர்டர் கொடுத்து, அரை மணி கழித்தும் தட்டு வராமல் எழுந்து ஓடியிருக்கிறேன். ஓடுகிற வரிசை எனக்கு நம்பிக்கை தருகிறது, உணவு அடுப்பிலிருந்து நேராக வருகிறது என்று அர்த்தம்.

இதில் ருசியைவிட உடம்புதான் எனக்கு முக்கியம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பிளாட்பாரக் கடையில் சில்லிட்டிருந்த பொட்டலம் எப்போது கட்டியது என்று எனக்குத் தெரிய வழியில்லை. அடுத்த வண்டியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கப் போகிற ஒருவருக்கு, அதுவும் வயதானவருக்கு, நடுவழியில் வயிறு கெட்டால் எங்கே போவது? ஆகவே சூடாகக் கிடைப்பதை அங்கேயே சாப்பிட்டுவிடுகிறோம். கையில் எடுத்துப் போவது தோல் உரித்துத் தின்கிற பழம், மூடி உடைக்காத தண்ணீர், சீல் பிரிக்காத பொட்டலம். அம்மாவுக்கு இவற்றோடு கொஞ்சம் சர்க்கரையும் எப்போதும் பையின் முன்பகுதியில் இருக்கும், சாப்பாடு தள்ளிப்போய்ச் சர்க்கரை இறங்கிவிட்டால் முதலில் கை போக வேண்டியது அங்கேதான்.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு இதெல்லாம் முடியாது, க்ளோக் ரூமில் வைத்துவிடுவது நல்லது. ஆனால் வைப்பதற்கு முன் அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: நான் திரும்பி வரும் நேரத்தில் இங்கே ஆள் இருப்பாரா? ஒருமுறை கேட்காமல் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கம்பிக் கதவு பூட்டியிருந்தது, உள்ளே என் பெட்டி கண்ணுக்குத் தெரிந்தது, நீல நிறக் கைப்பிடியில் நான் கட்டிய சிவப்பு நாடாகூடத் தெரிந்தது, எடுக்கத்தான் வழியில்லை. ஷிப்டு மாறும் நேரம். வண்டி கிளம்பப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது அடுத்த ஊழியர் சாவியோடு வந்தார். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் ஏறிவிட்டோம் என்றாலும், அம்மாவை அந்தப் படிகளில் அவ்வளவு வேகமாக நடக்க வைத்ததை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டப்படுகிறது.

கடை வீதிக்குப் போய்ப் பொருள் வாங்குவதைப் பற்றி எனக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது, ஆனால் இரண்டு விஷயத்துக்காகப் போயே ஆக வேண்டியிருக்கிறது. ஒன்று மருந்து. தீர்ந்துபோன மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாமல் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனிப் பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் தெரிகிற மாதிரி. ஊர் மாறினால் கம்பெனிப் பெயர் மாறும், மருந்தின் பெயர் மாறாது. டாக்டர் சீட்டும் போனில் இருக்கட்டும். இன்னொன்று வண்டியில் ஏறிய பிறகு கிடைக்கவே கிடைக்காத சின்னச் சாமான்கள்: சார்ஜர் வயர், பல் தேய்க்கும் பிரஷ், குளிருக்கு ஒரு போர்வை. படிக்க ஏதாவது வேண்டும் என்றால் மட்டும் நிலையத்துக்குள்ளேயே வாங்கிவிடலாம். 1848-ல் லண்டன் யூஸ்டன் நிலையத்தில் டபிள்யூ. எச். ஸ்மித் புத்தகக் கடை போட்டதிலிருந்து, ரயில் நிலையங்களில் ஒழுங்காகக் கிடைத்துவருகிற சரக்கு அது. புத்தகம் ஊசிப்போகாது, உள்ளே இருப்பது எந்தக் கடையில் வாங்கினாலும் ஒன்றுதான்.

நிலையத்துக்குள்ளேயே ஊர் ஜனங்களும் வந்து வாங்குகிற இடங்கள் இருக்கின்றன, அங்கே மட்டும் என் விதியைத் தளர்த்திக்கொள்வேன். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பொதுவாக மூடியிருக்கும், 1956-ஆம் ஆண்டின் கடை மூடும் நேரச் சட்டத்திலேயே பயணத் தேவைகளுக்காக ரயில் நிலையக் கடைகளுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். அதனால் ஞாயிறன்று வீட்டில் ஏதாவது தீர்ந்துபோனால் ஊர்க்காரர்களும் நிலையத்துக்குத்தான் வருகிறார்கள். லைப்சிக் நிலையத்தில் 1997-ல் மூன்று தளங்களில் ஒரு கடைத்தொகுதியே திறந்தார்கள், அங்கே வருகிற பலருக்கு வண்டி ஏறும் வேலையே கிடையாது. இப்படிப்பட்ட நிலையத்தில் கூட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பெட்டி இல்லாமல் காய்கறிப் பையோடு ஆட்கள் நடமாடுவார்கள். அவர்கள் சாப்பிடும் இடத்தில் நாமும் தைரியமாகச் சாப்பிடலாம்.

அந்தப் பின்பக்கக் கடைக்குப் போன வருஷம் தனியாகப் போனேன். அதே ஜங்ஷன், இந்தமுறை இடைவெளி இரண்டு மணி நாற்பது நிமிடம். மேம்பாலம் ஏறி, இறங்கி, சைக்கிள் ஸ்டாண்டு தாண்டி மூன்றாவது கதவு. பூட்டியிருந்தது. கதவில் சாக்பீஸால் வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்று எழுதியிருந்தது, அன்றைக்குத்தான் அந்த நாள். ஸ்டாண்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த ரயில்வே சட்டைக்காரர் ஒருவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே, "இன்னிக்கு நாங்க எல்லாம் அடுத்த சந்துல. வாங்க, நானும் அங்கதான் போறேன்" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முன்னால் நடந்தார். போகும் வழியில் அம்மாவுக்கு போன் பண்ணி, கடை மூடியிருக்கிறது என்று சொன்னேன். "அந்தக் கடிகாரம் மாட்டியிருந்த கடையா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்தப் பொண்ணு நல்லா இருக்காளான்னு யாரையாவது கேளுடா" என்றார். முன்னால் போனவரிடம் கேட்டேன்.

"நல்லா இருக்காங்க, நாளைக்கு வந்துருவாங்க" என்றார்.